புல்லட்டின் முன் பிரேக்: 21 மீட்டர், 24 மீட்டர், 12 மீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, திருநெல்வேலிக்குப் பக்கத்தில், முன்னீர்பள்ளத்துக்கு அப்பால் வயலை ஒட்டிப் போகும் சாலையில், சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தாண்டியதும் முன் பிரேக்கை மட்டும் பிடித்தேன். வண்டி நின்ற இடம்வரை அக்காள் மகன் டேப்பை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். 12 மீட்டர் 40 சென்டிமீட்டர். நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு முறை ஓட்டினேன்: 12.9, 12.2.

சித்திரை மாதம் இதே சாலையில், இதே வேகத்தில், சராசரியாக 21 மீட்டர் ஓடி நின்ற வண்டி இது. நடுவில் வைகாசிக் கடைசியில், புதுச் சாமான் எல்லாம் வாங்கிப் பூட்டி, கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக ஓட்டிப் பார்த்தபோது 24 மீட்டர். காசு கொடுத்து மூன்று மீட்டரைக் கூடுதலாக வாங்கியிருந்தேன். இந்தப் பதிவில் பாதி அந்த 24 பற்றியது.

வண்டி அப்பாவுடையது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, 1984ஆம் ஆண்டு மாடல். கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறினால் பிரேக்கை மிதிப்பதாக நினைத்துக் கியரை மிதிப்பார். அதனால் இந்த வண்டியை நான் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. எனக்கே அவசரத்தில் கால் குழம்பும். கால் குழம்பினாலும் கை குழம்பாது என்ற தைரியத்தில்தான் முன் பிரேக்கை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். பொன்னாக்குடி விலக்குக்குப் பக்கத்தில் கிடை மாற்றிக்கொண்டு போன ஆட்டுக் கூட்டம் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. லீவர் கைப்பிடியோடு ஒட்டிவிட்டது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. கிடைக்காரர் திட்டிய திட்டு நியாயமானது.

அன்று மாலையே சக்கரத்தைக் கழற்றினேன். நடு ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்தால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க் அடியில் ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு மூடிகளையும் கழற்றும் முன் பஞ்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். இடம் மாறினால் சரியாகக் கவ்வாது. நட்டுகள் பழைய பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரில் ஒன்று ஏறாது, அடுத்தது ஆடும். ஆடும் ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலைகளை உருட்டிவிட்டுப் பிறகு உளியும் சுத்தியலும் எடுக்கிற வேலையை இருபது வயதிலேயே செய்து முடித்துவிட்டேன். இப்போது அப்பாவின் கான்வாஸ் சுருளில் இருக்கும் அங்குல ஸ்பேனர்கள் மட்டும்தான்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம்மை மூடிய பிளேட்டைத் தூக்கியதும் உள்ளே கரும்பொடி. அதை ஊதக் கூடாது, காற்றடிக்கவும் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில், அதாவது டிரம்மில் உரசி நிறுத்தும் பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது வழக்கம். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்தேன். பிறகு லைனிங் ஒட்டிய, பிறை போன்ற இரண்டு ஷூக்களையும் தினசரித்தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் லைனிங் 1.8 மில்லிமீட்டர்தான் மிச்சம். மற்றதில் 3.6. இரண்டாவதின் ஒரு முனையில், ஆலையில் தேய்த்த கோடுகள்கூட இன்னும் அழியாமல் இருந்தன. ஒரே வீட்டில் இரண்டு அண்ணன் தம்பி. ஒருவர் மட்டும் நாற்பது வருடம் உழைத்திருக்கிறார்.

காரணம் எளிது. இந்த வண்டியில் இருந்தது ஒற்றைக் கேம். கேம் திரும்பும்போது இரண்டு ஷூவும் விரிகின்றன. ஆனால் சக்கரம் சுழலும் திசையில் ஒன்றை டிரம்மே தன் மேல் இழுத்துக்கொள்கிறது. மற்றதைத் தன்னிடமிருந்து தள்ளிவிடுகிறது. இரண்டையும் டிரம் இழுக்க வேண்டுமானால் இரண்டு கேம், அவற்றைத் திருப்ப இரண்டு கை, நடுவில் ஒரு இணைப்புக் கம்பி வேண்டும். இரட்டைக் கேம் பிளேட் என்று கேட்டால் உதிரிபாகக் கடையில் எடுத்துத் தருவார்கள். என் டிரம் 7 அங்குலம், அதாவது 177.8 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு இரட்டைக் கேம் பிளேட் அப்படியே உட்காரும்.

மச்சான் டிஸ்க் பிரேக் போடச் சொன்னார். ஃபோர்க், சக்கரம், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் பழைய சாமானாக ஒரு மொத்தமாக 14,000 ரூபாய்க்கு வருகிறது என்று படம்கூட அனுப்பினார். வண்டியின் முகமே மாறிவிடும். அதோடு, இப்படி மாற்றுவதற்கு முன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஒரு முறை படித்துக்கொள்வது நல்லது. வேண்டாம் என்றேன். மச்சானுக்கு வருத்தம்தான்.

இங்கிருந்து என் தவறுகள் வரிசையாக ஆரம்பிக்கின்றன.

சக்கரம் எப்படியும் கழன்றிருக்கிறது, ரிம்மும் துருப்பிடித்துப் பொரிந்திருக்கிறது, அதையும் மாற்றிவிடலாம் என்று தோன்றியது. ஸ்போக்ஸை எல்லாம் வெட்டி, டிரம் இருக்கும் நடுப்பகுதியான ஹப்பைத் தனியே எடுத்தேன். டிரம்மின் உள்பக்கம் ஓரத்தில் மேடு கட்டியிருந்தது. நடுவில் இரண்டு பள்ளக் கோடுகள். ஹப் தனியாகக் கையில் இருக்கும்போதே லேத்தில் கொடுத்துக் கடைந்துவிட்டால் வேலை சுலபம், எந்தச் சின்ன லேத்திலும் ஏறும். வண்ணாரப்பேட்டையில் ஒரு பட்டறையில் 300 ரூபாய்க்கு அரைமணி நேரத்தில் 178.3 மில்லிமீட்டருக்குக் கடைந்து தந்தார்கள். கண்ணாடி போல இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் புது ரிம், புது ஸ்போக்ஸ் போட்டு வீல் கோக்கிறவரிடம் கொடுத்தேன். அவரும் நல்ல வேலைக்காரர். ரிம்மைக் கோட்டமே தெரியாமல் நேராக்கித் தந்தார். யாருடைய வேலையிலும் குறை இல்லை. வரிசைதான் தவறு, அது என்னுடையது. அப்போது தெரியவில்லை.

அடுத்தது பிளேட். 2,350 ரூபாய், ஷூ, ஸ்பிரிங், கேம், இணைப்புக் கம்பி எல்லாம் பூட்டியே வந்தது. பூட்டியே வந்தது என்பதுதான் வினை. ஒரு சாமான் பூட்டிய நிலையில் பெட்டியிலிருந்து வந்தால், யாரோ அளந்து பார்த்துத்தான் பூட்டியிருப்பார் என்று மனது நம்பிவிடுகிறது. அப்படியே ஆக்சிலில் ஏற்றினேன். அதோடு ஒரு கேபிளும் வாங்கினேன், 180 ரூபாய். ஒரு மதியப்பொழுதில் வேலை முடிந்தது. சாயங்காலம் ஓட்டினேன். அதுதான் அந்த 24 மீட்டர். லீவரை இழுக்க இழுக்கப் பஞ்சை அமுக்குவது போல இருந்தது. ஒவ்வொரு பிடிப்பிலும் டிரம் உள்ளிருந்து ஓர் ஊளைச் சத்தம் வேறு. அம்மா வாசலில் நின்று, "பழையதே தேவலை போலிருக்கிறதே" என்றாள். பதில் சொல்லவில்லை.

மறுநாள் மேலப்பாளையம் போனேன். அங்கே ஓர் அண்ணாச்சி நாற்பது வருடமாகப் புல்லட் மட்டும் பார்க்கிறார். வண்டியை நிறுத்தியதும் அவர் பிரேக்கைப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, இணைப்புக் கம்பியின் லாக் நட்டை விரல் நகத்தால் சுரண்டினார்.

"இதைத் தொட்டீரா, வே?"

"இல்லை அண்ணாச்சி. வந்தபடியே போட்டேன்."

"நட்டில் பெயிண்ட்டே உடையவில்லையே. அப்புறம் எப்படிப் பிடிக்கும்? ஒரு ஷூதான் போய்த் தொடுகிறது. இன்னொன்று ஊர்வலம் பார்க்கிறது. உமக்கு எதற்கு இரண்டு கேம்?"

அவரே செய்து தந்திருப்பார். நான் செய்கிறேன், எப்படி என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஒரு டீ நேரத்தில் சொல்லிவிட்டார். வீட்டில் எனக்கு ஒரு முழுக் காலை ஆனது. முறை இதுதான்.

முதலில் இணைப்புக் கம்பியின் ஒரு முனையில் உள்ள பின்னை உருவிவிட வேண்டும். இப்போது இரண்டு கைகளும் தனித்தனியாக ஆடும். கேபிள் பிடித்திருக்கும் முதல் கையை, ஷூ டிரம்மில் தொடும்வரை லீவரால் இழுத்து, அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது கையை ஒரு ரிங் ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பி, அதன் ஷூவும் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். இந்த நிலையில் கம்பியின் கவட்டை முனையும் கையின் துளையும் நேருக்கு நேர் வந்தால் பின் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போகவில்லை என்றால் கவட்டையை அரைச் சுற்று திருகிப் பார்க்க வேண்டும். திரும்ப, இன்னும் அரைச் சுற்று. எனக்கு இரண்டரைச் சுற்று தேவைப்பட்டது. அவ்வளவு தூரம் தள்ளியிருந்தது.

இதற்கு மூன்று கைகள் வேண்டும். அக்காள் மகனை லீவரில் உட்காரவைத்தேன். "மாமா, இப்போது தொடுகிறது... இப்போது இல்லை" என்று சக்கரத்தை விரலால் ஆட்டிச் சொல்வதும் அவன்தான். பன்னிரண்டு வயதுக் காதுக்கு ஷூ உரசும் முதல் சத்தம் என் காதைவிட முன்னால் கேட்கிறது.

கம்பியில் இன்னொரு கோளாறும் இருந்தது. பின் 6 மில்லிமீட்டர், துளை 6.5. கேபிள் இழுக்கும் முதல் அரை மில்லிமீட்டரை அந்த ஆட்டமே தின்றுவிடும். அந்தச் சாமானைச் செய்தவர் பெயரை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. 60 ரூபாய்க்கு 6.45 அளவில் இரண்டு பின்கள் கடைந்து வாங்கினேன்.

ஷூக்களை நடுவில் உட்காரவைப்பதும் அண்ணாச்சி சொன்னதுதான். பிளேட்டை ஆக்சிலில் இறுக்கும் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பிரேக்கைப் பலமாகப் பிடித்து, அப்படியே லீவரைச் சைக்கிள் டியூப் துண்டால் கைப்பிடியோடு கட்டிவிட வேண்டும். அந்தப் பிடியிலேயே நட்டை இறுக்க வேண்டும். பிடிக்காமல் இறுக்கினால் பிளேட் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்துவிடும்.

அன்று மாலை 17 மீட்டர். சந்தோஷம்தான். ஆனால் நின்று முடிப்பதற்கு முன், வேகம் குறையும்போது, லீவர் உள்ளங்கையை மெல்ல உதைத்தது. நாடி பார்ப்பது போல. சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை லேசாகத் தொட்டபடி கையால் சுற்றினால் சர்... சர்... என்று ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உரசியது. நடுவில் உரசவே இல்லை.

லைனிங்கின் மேல் பள்ளிக்கூடச் சாக்குக்கட்டியைத் தேய்த்துப் பூட்டி, இரண்டு சுற்று சுற்றிக் கழற்றிப் பார்த்தேன். ஷூவின் முழு நீளத்தில் இரண்டு விரல்கடை அகலத்துக்குத்தான் சாக்கு அழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை. அதாவது, கண்ணாடி போலக் கடைந்து வாங்கிய டிரம்மைப் பத்தில் இரண்டு பங்குகூட நான் பயன்படுத்தவில்லை.

பேட்டையில் நெல் ஆலைச் சாமான்களும் பம்ப் தண்டுகளும் கடையும் ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே உள்ள பெரியவரிடம் டயல் கேஜ் உண்டு. ஆக்சிலை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, சக்கரத்தை அதன் மேல் படுக்கவைத்து, கேஜின் முனையை டிரம் உள்பக்கத்தில் தொடவைத்துச் சுற்றினார். முள் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கியது. 0.38 மில்லிமீட்டர். முட்டை.

"கடைந்த பிறகு ஸ்போக்ஸ் கோத்தாயா தம்பி?" என்றார்.

"ஆமாம்."

அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. எனக்கே புரிந்துவிட்டது. நாற்பது கம்பிகள் ஹப்பை நாலாபுறமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. இழுக்கிற இழுப்பில் டிரம் அசையும். இழுக்காத நிலையில் வட்டமாக இருந்து என்ன பயன்? ரிம்மோடு கோத்து, கோட்டம் எடுத்து, எல்லாம் இறுகிய பிறகுதான் கடைய வேண்டும்.

அப்படிக் கடைய, முழுச் சக்கரமும் ஏறும் லேத் வேண்டும். டயரைக் கழற்றினாலும் ரிம் ஐம்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வண்ணாரப்பேட்டைச் சின்ன லேத்தில் அது படுக்கையில் இடிக்கும். பேட்டைப் பெரியவரிடம் இருந்தது கேப் பெட் லேத். தலைக்குப் பக்கத்தில் படுக்கையின் ஒரு துண்டைக் கழற்றி எடுத்துவிடலாம், அந்தப் பள்ளத்தில் பெரிய சக்கரம் சுழலும். அந்தத் துண்டைக் கழற்றவே அவருக்கு மனமில்லை. திரும்பப் பொருத்தும்போது ஒரு முடி அளவு மாறினாலும் அவருடைய மற்ற வேலை கெடும். மூன்று முறை போய் நின்றேன். ஆடி மாதம் பட்டறையில் வேலை குறைவாக இருந்த ஒரு நாளில் ஒத்துக்கொண்டார்.

பேரிங்குகளைக் கழற்றி, அவை உட்காரும் துளைகளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு தண்டு கடைந்து, அதில் சக்கரத்தை மாட்டினார். சக்கரம் எதைச் சுற்றி ஓடுமோ, அதையே மையமாக வைத்தால்தான் கணக்கு சரியாகும். மிகக் குறைந்த வேகம். ஸ்போக்ஸ் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் வேகம். முதல் வெட்டில் கத்தி இரண்டு இடத்தில் மட்டும் தொட்டு, இரண்டு பிறைகளாகப் பளிச்சென்று கோடு போட்டது. நடுவில் பழைய மேற்பரப்பு மங்கலாக அப்படியே. இரண்டாம் வெட்டில் பிறைகள் வளர்ந்தன. நான்காம் வெட்டில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வட்டமாயின. சுருள் வரவில்லை, கரும்பொடியாக உதிர்ந்து அவர் முழங்கை மடிப்பில் படிந்தது. நிறுத்தி அளந்தால் 178.9. டயல் முள் அசைந்ததைச் சொல்ல வேண்டுமானால் 0.03. எனக்கு அது அசைவே இல்லை.

டிரம் பெரிதாகிவிட்டதால் புது ஷூ உள்ளே சிறிதாகிவிட்டது. வளைவும் பொருந்தாது. லைனிங்கைச் சுரண்டி எடுத்துத் தடித்த லைனிங் ஒட்டச் சொன்னேன், 400 ரூபாய். ஒட்டி வந்ததைப் பிளேட்டில் பூட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகிச் சற்றே விரித்து, பிளேட்டோடு லேத்தில் ஏற்றி 178.5க்குக் கடைய வேண்டும். டிரம்மைவிட 0.4 குறைவு. பிறகு தகட்டை எடுத்துவிட்டால் ஷூ சுருங்கி உள்ளே போகும். பிரேக் பிடித்தால் சரியான வளைவோடு வந்து உட்காரும்.

லைனிங் தூசி லேத்தின் படுக்கையை அரித்துவிடும் என்று பெரியவர் முதலில் மறுத்தார். பிறகு அவரே ஈரச் சாக்கைப் படுக்கை முழுவதும் விரித்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கடைந்தார். அந்தச் சாக்கை உதறாமல் அப்படியே சுருட்டி எடுத்துப்போகும் வேலை என்னுடையது. ஒவ்வொரு ஷூவிலும் டிரம் முதலில் சந்திக்கும் முனையை மட்டும் அரத்தால் சாய்வாகத் தேய்த்துவிட்டேன். ஊளைச் சத்தம் அதோடு போனது.

கேபிளைப் பற்றிச் சொல்லவில்லை. 180 ரூபாய்க் கேபிளின் வெளியுறை, லீவரை இழுத்தால் வளைவில் நெளிந்து சுருங்குவது கண்ணுக்கே தெரிந்தது. பஞ்சுத்தன்மையில் பாதி அங்கே இருந்தது. உறைக்குள் கம்பிச் சுருள் நெருக்கமாகச் சுற்றிய தடித்த கேபிள் 420. வாங்கியதும் தாளில் ஒரு கூம்பு செய்து மேல் முனையில் கட்டி, எஞ்சின் ஆயில் ஊற்றி, இரவு முழுவதும் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டேன். காலையில் கீழ் முனையில் சொட்டு நின்றது. தரையில் பட்ட கறையை அம்மா இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறாள். பூட்டும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொண்டேன்: பிரேக் முழுதாகப் பிடித்த நிலையில் கேபிளும் கேமின் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். முதலில் பூட்டியபோது கை அந்த இடத்தைத் தாண்டிப்போய் நின்றிருந்தது. எவ்வளவு இழுத்தாலும் பலம் போய்ச் சேராது.

மறுபடி சாக்குக்கட்டிச் சோதனை. இந்த முறை முக்கால் பாகத்துக்கு மேல் அழிந்தது. மிச்சமிருந்த வெள்ளையைத் தொடவில்லை. ஓடிப் பழகினால் தானாகத் தேயும். அப்படித்தான் ஆனது. முதல் நாள் 15 மீட்டர். வீட்டுக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நான்கு முறை போய்வந்து, வழியெல்லாம் காரணமில்லாமல் மெல்லப் பிடித்துப் பிடித்து விட்டு, பிறகு அளந்ததுதான் அந்த 12.40. அளக்கும்போது வேகமானியை நம்பவில்லை. அதன் முள் 35க்கும் 45க்கும் நடுவே கும்மியடிக்கும். கைபேசியைச் சைக்கிள் டியூப் துண்டால் ஹேண்டில்பாரில் கட்டி அதில் வேகம் பார்த்தேன். டேப் ஒரு கொத்தனாரிடம் கடன் வாங்கிய 30 மீட்டர் டேப். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

செலவுக் கணக்கு. பிளேட் 2,350, ரிம் 1,900, ஸ்போக்ஸ் 650, கோத்த கூலி 500, முதல் கடைசல் 300, இரண்டாம் கடைசல் 700, லைனிங் 400, ஷூ கடைசல் 250, பின்கள் 60, கேபிள் இரண்டும் சேர்த்து 600. மொத்தம் 7,710 ரூபாய். இதில் ரிம், ஸ்போக்ஸ், கூலி 3,050 பிரேக்கோடு சேராது, துருவின் கணக்கு. சுத்தமாக வீணானது முதல் கடைசலும் முதல் கேபிளும், 480 ரூபாய். வீணான நாட்கள் அறுபதுக்கு மேல்.

அடுத்த முறை செய்வதானால் பிளேட்டைக் கடைசியில்தான் வாங்குவேன். முதலில் பழைய ஷூவை வைத்துக்கொண்டே சக்கரத்தைக் கோத்து, டிரம்மைக் கடைந்து, அளவைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு லைனிங் ஒட்டி வாங்குவேன். நல்ல கேபிளும் வட்டமான டிரம்மும் இருந்திருந்தால் பழைய ஒற்றைக் கேமே எத்தனை மீட்டரில் நின்றிருக்கும் என்று அளந்து பார்க்கும் வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேன். அந்த எண் தெரியாமல், இரட்டைக் கேமால் வந்த லாபம் இவ்வளவு என்று யாரிடமும் நான் அடித்துச் சொல்ல முடியாது. 14, 15 வந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

குற்றாலத்துச் சாரலில் நனைந்து திரும்பியபோது முதல் இரண்டு பிடிப்புகள் வழுக்கின. டிரம்முக்குள் ஈரம் போனால் அப்படித்தான். லேசாகப் பிடித்தபடியே நூறு அடி ஓட்டினால் சூடேறிச் சரியாகிவிடுகிறது. பழைய பிரேக்கிலும் இது உண்டு. ஆனால் அப்போது எப்போதுமே வழுக்கியதால் வித்தியாசம் தெரியவில்லை.

யாரும் சொல்லாத ஒரு விஷயத்தை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் சொல்லிக்கொடுத்தது. சாயங்கால நெரிசல், ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு ஆட்டோ. வலது காலைக் கியருக்குக் கொண்டுபோய், இடது காலைத் தரையில் ஊன்றி, பழக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தேன். வண்டி பின்னால் உருண்டது. லீவரைக் கைப்பிடிவரை இழுத்தும் மெல்ல மெல்ல உருண்டது. ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்க, கடைசி நொடியில் காலை எடுத்துப் பின் பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து தொடையில் தாங்கியது. வீட்டுக்கு வந்து யோசித்தால் விடை கண்முன்னால் இருந்தது. சக்கரம் பின்னோக்கி உருளும்போது இரண்டு ஷூவையுமே டிரம் தன்னிடமிருந்து தள்ளுகிறது. பழைய ஒற்றைக் கேமில் எந்தத் திசையில் உருண்டாலும் ஏதாவது ஒரு ஷூவாவது இழுபட்டுக்கொள்ளும், புதியதில் ஒன்றுமில்லை. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "அது அப்படித்தான் வே. ஏற்றத்தில் நின்றால் இடது காலைப் பிரேக்கில் வையும், வலது காலை ஊன்றும்" என்றார், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பது போல.

வலது கால் ஊன்றியிருந்தால் கியர் போட முடியாது. ஆகவே நியூட்ரலில் நிற்காமல், கிளட்ச்சைப் பிடித்தபடி முதல் கியரிலேயே நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மேம்பாலத்தில் இதுவரை ஏழெட்டு முறை நின்றாயிற்று. இரண்டு முறை எஞ்சின் அணைந்தது. பழைய பிளேட்டை, அந்த 1.8 ஷூவோடு, நல்லெண்ணெய் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்தது பின் பிரேக். அதைப் பிரிக்கும் முன் மூன்று முறை ஓட்டி அளந்து, எண்களைச் சுவரில் எழுதியாயிற்று.